யானைப் பக்கம்

காடு வெட்டிக் குடியேற வந்த காலத்தில் வன்னியில் எங்களைப் பயமுறுத்தியவை யானை, கரடி, பாம்பு, நுளம்பு என்ற நாலும்தான். யானைக்கு வெடி கொளுத்தினோம். கரடியைக் கண்டால் ஓடினோம். பாம்புக்கு விஷகடி வைத்தியர் இருந்தார். நுளம்புக்கு அரசாங்கமே வீடு வீடாக வந்து சுவரெல்லாம் மருந்து அடித்துவிட்டுப் போனது. ஆனால் ஐந்தாவதாக ஒரு பிராணி வாய்க்கால் தண்ணீரோடு சேர்ந்து வந்து எங்கள் ஊருக்குள் பெருகிவிட்டது. வெடிக்கு அது ஓடாது, மருந்துக்கும் சாகாது. வெள்ளை வேட்டி உடுத்துக்கொண்டு, தேநீர்க் கடையில் காற்று வருகிற பக்கமாகப் பார்த்துக் கதிரையைப் போட்டு இருக்கும். அந்தப் பிராணியின் பெயர் 'அப்பவே கேட்டவர்'.

அவரை உங்களுக்குத் தெரியும். தண்ணீரூற்றுச் சந்தியில் புதிதாக ஒரு கடை திறந்திருக்கிறார்கள், தோசை அந்த மாதிரி இருக்கிறது என்று நீங்கள் வாய் நிறையச் சொல்லிக்கொண்டு வருவீர்கள். அவர் கண்ணை மெல்ல மூடுவார். மூக்கால் ஒரு நீண்ட மூச்சு விடுவார். பிறகு "உம்" என்பார். அந்த 'உம்'மோடு உங்கள் வாயிலிருந்த தோசையின் ருசி பாதி போய்விடும். மீதிப் பாதியை அவர் இப்படி எடுப்பார்: "உந்தக் கடைக்காரன்ர தமையன் முந்தி முல்லைத்தீவில போட்ட தோசையை நீர் சாப்பிட்டிருக்கோணும்." நீங்கள் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள். சாப்பிட்டிருக்கவும் முடியாது, ஏனென்றால் அந்தக் கடை நீங்கள் இந்தப் பக்கம் வருவதற்கு முன்னமே பூட்டுப்பட்டுவிட்டது. அவருக்கு வேண்டியதும் அதுதான். பூட்டிய கடையில் சாப்பிட்டவரோடு யார் போய் வாதாடுவது?

ஒட்டுசுட்டான் திருவிழாவில் நாதஸ்வரம் கேட்டு மெய்மறந்து வருகிறீர்களா? "தகப்பன் வாசிச்சதைக் கேட்டனீரோ?" என்பார். தகப்பன் வாசித்ததையும் கேட்டவன் நான் என்று நீங்கள் நெஞ்சை நிமிர்த்தினால், பாட்டன் வாசித்ததுக்குப் போய்விடுவார். அதற்கும் மேலே போனால் நாதஸ்வரம் என்ற வாத்தியமே இல்லாத காலத்தில் அவர் தனியாக இருந்து கேட்டுக்கொண்டிருப்பார். வவுனியா பஸ் நேரத்துக்கு வந்தால், முந்தின டிரைவர் இன்னும் நேரத்துக்கு வந்தவர். இந்தப் போகம் நெல் நன்றாக விளைந்தால், முந்தின நெல்லில் சோறு மணக்கும். எதையும் அவர் கூடாது என்று சொல்லவே மாட்டார், அதைக் கவனியுங்கள். கூடாது என்று சொன்னால் ஏன் என்று நாலு பேர் கேட்பார்கள், காரணம் சொல்ல வேண்டிவரும், காரணத்துக்கு அறிவு வேண்டும். முந்தி நல்லாயிருந்தது என்று சொல்லிவிட்டால் யாருக்கு என்ன கேள்வி? வந்தவன் வாயை மூடிக்கொண்டு தன் பிளேன்ரீயைக் குடித்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

எங்கள் கிளிநொச்சியில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி திருவாளர் சிற்றம்பலம் அவர்கள். அரிசி ஆலை முதலாளி. அவருக்குச் சொந்தமாக ஒரு ஜெனரேற்றர் இருந்தது, இரண்டு ஒலிபெருக்கி இருந்தது, கொழும்பிலிருந்து இறக்கிய அலுமாரி அளவு ரேடியோகிராம் ஒன்றும் இருந்தது. இவ்வளவும் உள்ளவரைத் தலைவராகப் போடாமல் எங்கள் கலாமன்றம் எப்படி ஒரு கலைவிழா நடத்தும்? அவர் ஜெனரேற்றரைத் தராவிட்டால் மேடையில் வெளிச்சம் இல்லை. ஒலிபெருக்கியைத் தராவிட்டால் முன்வரிசைக்கு அப்பால் சத்தம் இல்லை. ஆகவே அவர் தலைவர். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவன், கையெழுத்து விளங்கும் என்ற ஒரே தகுதியில் நான் காரியதரிசி.

சிற்றம்பலத்தாரின் மனைவி இராசமலருக்கு நாகேஸ்வரி என்று ஒரு சின்னம்மா மகள். இலண்டனில் தாதிப் படிப்பு முடித்து, இந்த வருசத் தொடக்கத்தில்தான் திரும்பி வந்து வவுனியாவில் வேலைக்குச் சேர்ந்தவள். வந்தவள் அத்தானுக்கு ஒரு இசைத்தட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். பெரிய தட்டு, ஒரு பக்கம் அரை மணித்தியாலம் ஓடும். 'கிளாஸ் எலிபன்ற்ஸ்' என்று அங்கே ஒரு வாத்தியக் கோஷ்டியாம். தலைமயிர் தோளில் புரள, பூப்போட்ட சட்டை போட்டுக்கொண்டு, பாட்டுக் கேட்பவனுக்குத் தலை சுற்ற வேண்டும் என்பதையே நோக்கமாக வைத்துப் பாடின நாலு பெடியன்கள். போன வருசம் தங்களுக்குள் சண்டை பிடித்துப் பிரிந்துவிட்டார்களாம். பிரிந்தவுடன் கம்பனிக்காரர், அவர்கள் பாடத் தொடங்கிய நாளிலிருந்து பிரிந்த நாள்வரைக்கும் உள்ள நல்ல பாட்டுகளைப் பொறுக்கி ஒரே தட்டில் போட்டுவிட்டார்கள்.

"வரிசையா இருக்காம் அத்தான். தொடக்கத்தில இருந்து கடைசி வரைக்கும்," என்று சொல்லித் தட்டைக் கையில் வைத்துவிட்டு அவள் வவுனியா பஸ் ஏறிவிட்டாள். ஏன் அவ்வளவு அவசரமாக அதைக் கைமாற்றினாள் என்று அன்றைக்கு நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

ஒருவருடைய ஆயுட்கால உழைப்பை ஒரு தட்டில் அடுக்கித் தருவது 'அப்பவே கேட்டவர்' இனத்துக்கு எவ்வளவு பெரிய வரப்பிரசாதம் என்று எண்ணிப் பாருங்கள். நாலு பேர் ஐந்து வருசமாக வியர்த்து, பசித்து, பாடி, திட்டு வாங்கி, திருந்தி, முரண்பட்டுச் செய்ததை ஒரு பின்னேரத்தில் சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி விழுங்கிவிடலாம். விழுங்கி ஏப்பம் விட்டு எழும்பும்போது ஐந்து வருச ரசிகனாகவே எழும்பலாம். காத்திருந்து கேட்டவனுக்கும் இவருக்கும் வெளிப்பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. காத்திருந்தவன் பாவம், இவ்வளவு சத்தமாகப் பேசமாட்டான்.

ஆனால் ஒரு சிக்கல். தட்டுக்கு உறை இல்லை. நடுவில் ஒட்டியிருந்த பச்சைக் கடதாசியில் எழுத்துகள் வெயிலில் வைத்த மெழுகுதிரி மாதிரி உருகி வழிந்து கிடந்தன. அந்தக் கோஷ்டிகளுக்கு அதுதான் நாகரிகமாம். ஆங்கிலம் படிப்பிக்கிற நானே கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தும் போட்டுப் பார்த்தும் எது முதற் பக்கம், எது இரண்டாம் பக்கம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு பக்கத்தில் எழுத்துக்கு நடுவே ஒரு யானைத் தலை வரைந்திருந்தது. மற்றப் பக்கம் வெறும் எழுத்து.

இராசமலர் குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரு பார்வை பார்த்தார். "இதிலென்ன யோசினை? பிள்ளையார் இருக்கிற பக்கத்தை முதல் போடுங்கோ," என்றார். சொன்னதோடு நிற்காமல், புது லொறிக்கும் தண்ணிப் பம்புக்கும் செய்ததுபோல, ரேடியோகிராம் மூடியில் ஒரு சந்தனப் பொட்டும் வைத்துவிட்டுப் போனார். அதற்கு மேல் யார் மறுப்பது? எங்கள் ஊரில் எந்தக் காரியம் பிள்ளையார் இல்லாமல் தொடங்கியிருக்கிறது? வெள்ளைக்காரனும் மனிதன்தானே, அவனும் அப்படித்தான் தொடங்கியிருப்பான் என்று எல்லோருமே நினைத்தோம்.

ஊசியை வைத்தார். முதலில் ஒரு இரைச்சல். பிறகு ஒரு தந்தி ஒரே சுரத்தில் நின்று விடாமல் இழுத்தது. கிணற்றுக்குள் விழுந்தவன் உதவி கேட்பதுபோல ஒரு குரல். ஒரு மணி பின்பக்கமாக அடித்தது. மணி எப்படிப் பின்பக்கமாக அடிக்கும் என்று என்னைக் கேட்க வேண்டாம், கேட்டவர்களுக்கு விளங்கும். கால் மணித்தியாலம் போயிருக்காது, ஆலையில் வேலை செய்கிற ஏரம்பு தலை தெறிக்க ஓடிவந்தான்.

"முதலாளி, மிசினை நிப்பாட்டிப்போட்டன். வார் அறுந்திட்டுதெண்டு நினைக்கிறன், ஆனால் எங்கையெண்டுதான் தெரியேல்லை."

"அது வார் இல்லை, பாட்டு," என்றார் சிற்றம்பலத்தார், கண்ணை மூடியபடியே.

"ஆர் ஐயா பாடுறது?"

"உனக்கு விளங்காது. போய் மிசினைப் போடு."

யானைப் பக்கம் முழுவதும் அந்த ஒரு பாட்டும், அதனுடைய தம்பி போல இன்னொன்றும்தான். தட்டைத் திருப்பிப் போட்டார். வெறும் பக்கத்தில் சின்னச் சின்னப் பாட்டாக ஏழெட்டு இருந்தது. துள்ளல், கைதட்டல், காதலியே வா, காதலியே போ. கேட்டு முடிந்ததும் சிற்றம்பலத்தார் மூக்கால் மூச்சு விட்டார்.

"பாத்தீரோ மாஸ்ரர்? துவக்கத்தில என்ன தவம். ஒரு சுரத்தைப் பிடிச்சுக்கொண்டு அப்பிடியே நிக்கிறாங்கள். பிறகு காசு கண்டிட்டாங்கள். காசைக் கண்டவுடனை கைதட்டல் பாட்டு. கடைசியில கெட்டுப்போனாங்கள்."

அன்று பின்னேரம் அவர் தேநீர்க் கடைக்குப் போனபோது கோஷ்டியின் பெயரைத் தன் வீட்டுப் பிள்ளையின் பெயர்போலச் சொன்னார். ஒரு கிழமைக்குள், "நான் அவங்களைத் தொடக்கத்தில இருந்து கேட்டுக்கொண்டு வாறன்," என்று சொல்லத் தொடங்கிவிட்டார். ஊசி வைத்த இடத்தைத் தொடக்கம் என்று எடுத்துக்கொண்டால் அது பொய்யும் அல்ல. பிறகு அந்தத் தட்டே அவருடைய தராசாகிவிட்டது. உலகத்தில் எதையும் அதில் வைத்து நிறுத்தார். நாடகக் குழு, நாட்டு வைத்தியர், புதுச் சந்தைக் கட்டடம், தபாற்காரன் மணி அடிக்கிற விதம் எல்லாவற்றுக்கும் ஒரு யானைப் பக்கம் உண்டு, ஒரு வெறும் பக்கம் உண்டு, நாங்கள் எல்லோரும் வெறும் பக்கத்தில் பிறந்து தொலைத்தவர்கள். நெல்லுக் குற்ற வந்தவனை இருத்தி வைத்து யானைப் பக்கத்தைக் கேட்க வைப்பார். பாதியில் எழும்பினால் அவனுடைய மூட்டை கடைசியாகத்தான் மிசினுக்குப் போகும்.

இவ்வளவோடு நின்றிருந்தால் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். கடதாசியும் பேனையும் எடுத்திருக்க மாட்டேன். ஆனால் இந்த மனிதர்களிடம் ஒரு கதிரையையும் கொடுத்துவிடுகிறோமே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

முல்லைத்தீவுக் கரைப்பக்கத்திலிருந்து லோறன்ஸ் என்று ஒரு இளைஞன் எங்கள் ஊருக்கு வந்து மோட்டார்க் கராஜில் வேலை செய்துகொண்டிருந்தான். தகப்பன் கடற்றொழில். இவன் கிற்றார் வாசிப்பான், பாட்டும் தானே கட்டுவான். இரண்டு வருசத்துக்கு முன்னர் மாதா கோயில் பெருநாளில் 'நண்டுப் பாட்டு' என்று ஒன்றைப் பாடிக் கூட்டத்தையே ஆட வைத்தவன். அதற்குப் பிறகு அவன் வேறு ஒரு பாட்டோடு மினைக்கெட்டுக்கொண்டிருந்தான். மாரி மழைக்குக் கடலோர ஏரியான நந்திக்கடல் நிரம்பி வழியப் பார்க்கும்போது, களப்புக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற மணல்மேட்டை வெட்டிவிடுவார்கள் அல்லவா, அந்த நாளைப் பற்றிய பாட்டு. கராஜ் வாசலில் இருந்து துண்டு துண்டாக வாசிப்பான். எனக்கு அது புதிதாகவும் இருந்தது, ஏதோ செய்தும் விட்டது.

எங்கள் கலைவிழாவுக்கு இந்த வருசம் கொழும்பிலிருந்து இசைத்தட்டுப் போடுகிற கம்பனி ஒன்றின் ஆள் வருவதாக இருந்தது. நல்லதாக ஒரு பாட்டு அகப்பட்டால் தட்டில் போடுவோம் என்று சொல்லியிருந்தார். ஆளுக்கு ஒரு பாட்டு. லோறன்ஸின் தகப்பனும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்: இந்த விழாவில் ஒன்றும் சரிவராவிட்டால் கிற்றாரை விற்றுவிட்டு வலைக்கு வர வேண்டும். அவரிலும் பிழை இல்லை, தோணிக்கு ஆள் காணாது. அன்றைக்கு லோறன்ஸ் என்னிடம் வந்து கேட்டது இவ்வளவுதான்:

"மாஸ்ரர், இந்தப் பாட்டை ஆராவது ஒருக்கா முழுசாக் கேட்டால் எனக்குக் காணும். பிறகு கடலுக்குப் போகச் சொன்னாலும் போவன்."

ஒத்திகை ஆலைக்குப் பக்கத்தில், நெல் காயப்போடுகிற சீமெந்துத் தளத்தில் நடந்தது. பின்னேர வெயில். தலைவர் சாய்மனைக் கதிரையில். விழாவில் பரிசு கொடுப்பதற்கென்று அழைக்கப்பட்ட நாகேஸ்வரி அவருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில். எடுத்தவுடன் நாங்கள் எல்லோரும் நல்ல சங்கீதம் என்றால் என்ன என்று அறிந்துகொள்வதற்காக யானைப் பக்கம் ஒலிபெருக்கியில் போடப்பட்டது. நாகேஸ்வரி சேலைத் தலைப்பால் ஒரு காதைப் பொத்திக்கொண்டதை நான் கண்டேன். தலையிடி என்று நினைத்தேன்.

அது முடிந்து லோறன்ஸ் வந்தான். அவனுடைய சிநேகிதன் கிறிஸ்தோப்பர் ஒரு றபான் மேளத்தோடு பின்னால் நின்றான். லோறன்ஸ் ஒரே தந்தியைத் தட்டத் தொடங்கினான். தட்டிக்கொண்டே இருந்தான். "தண்ணி நிக்குது, தண்ணி நிக்குது, கடலுக்கு ஒரு சாண்" என்று மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னான். அந்த ஒரு சுரம் மெல்ல மெல்ல ஏறியது. மணலுக்குப் பின்னால் தண்ணீர் ஏறுகிறது என்று யாரும் சொல்லாமலே விளங்கியது. நெல்லுக் கிளறிக்கொண்டு நின்ற பெண்கள் கிளறுவதை விட்டுவிட்டார்கள். ஏரம்புகூட மிசின் வாசலில் வந்து நின்றான், இந்த முறை வார் அறுந்ததா என்று அவன் கேட்கவில்லை.

சிற்றம்பலத்தாரின் கை மேலே எழும்பியது.

"தம்பி, காணும். நிப்பாட்டும்."

"இன்னும் இருக்குது ஐயா. இனித்தான் மணலை வெட்டுறது. பிற்பாதியிலதான்..."

"பிற்பாதி எனக்குத் தெரியும்." கண்ணை மூடினார். மூக்கால் மூச்சு. "உம். நீர் முந்தி எவ்வளவு நல்லாப் பாடினனீர். அந்த நண்டுப் பாட்டு. அதை நான் அப்பவே கேட்டனான்."

"அண்டைக்கு ஐயா பெருநாளுக்கு வரேல்லையே. கண்ணை டொக்டரிட்டைக் காட்ட யாழ்ப்பாணம் போயிருந்தனீங்கள் எண்டு..."

"கேக்கிறதுக்கு வரத்தான் வேணுமோ? ஊரெல்லாம் சொன்னது. அந்தப் பாட்டில ஒரு சுத்தம் இருந்தது. இப்ப இதென்ன, ஒரே தந்தியில நிண்டுகொண்டு டிங் டிங் எண்டு? கிளாஸ் எலிபன்ற்ஸைப் பாரும். துவக்கத்தில தவம், பிறகு சறுக்கல். நீரும் அந்த வழியாலதான் போறீர். விழாவில நண்டுப் பாட்டைப் பாடும், இல்லாட்டிப் பாடவேண்டாம்."

வாசகரே, கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது தவம் என்று ஆறு மாதமாக எங்கள் காதைத் தின்றவர் இவர். அதே தவத்தைத் தன் முன்னால் ஒருவன் செய்தபோது அவருக்கு அது டிங் டிங். ஏன்? அது தொடக்கத்தில் வந்ததாம், இது பிந்தி வந்ததாம். அந்த மனிதர் பாட்டைக் கேட்டதே இல்லை. திகதியை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அப்போது நாகேஸ்வரி காதிலிருந்து சேலையை எடுத்தாள்.

"அத்தான், எதைத் துவக்கம் எண்டு சொல்லுறியள்?"

"யானைப் பக்கம்தான். முதற் பக்கம்."

"ஐயோ, அது கடைசிப் பக்கம் அத்தான். நான் இருந்த வீட்டுக்காரியின்ர மகன் பக்கத்து அறையில இருந்து உவங்களின்ர பாட்டை வந்த வந்த உடனை வாங்கிப் போடுவான். நான் வேலை முடிஞ்சு வந்து விடிய நித்திரை கொள்ள ஏலாது. நான் அங்கை போய்ச் சேர்ந்த வருசம் அந்தச் சின்னச் சின்னக் கைதட்டல் பாட்டுகள்தான், அதைக் கூடச் சகிக்கலாம். பிறகு வரவரத்தான் உந்த இழுவை. என்ர கடைசி வருசம் முழுக்க உந்த யானைதான். நான் வெளிக்கிடேக்கை, கரைச்சல் தந்ததுக்கு மன்னிக்கச் சொல்லித் தட்டைத் தந்தவன். உறையைத் தன்ர சுவரில குத்தி வைச்சிட்டான். எனக்கு அந்தத் தட்டைக் கண்ணில காட்ட ஏலாது. அதுதான் உங்களிட்டை..." என்று சொல்லிக்கொண்டு வந்தவள், வசனத்தின் முடிவைக் கண்டதும் அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.

நாங்கள் எல்லோரும் தலைவரைப் பார்த்தோம். ஆறு மாதத்துச் சாத்திரம் தலைகீழாக நிற்கிறதே, மனிதர் என்ன செய்வார், எழும்பி உள்ளே போவாரா, ஒரு சிரிப்பாவது சிரிப்பாரா என்று பார்த்தோம். எவ்வளவு அப்பாவிகள் நாங்கள்.

அவர் கண்ணை மூடினார். மூக்கால் மூச்சு விட்டார்.

"அதைத்தானே பிள்ளை நான் இவ்வளவு நாளும் சொல்லுறன். யானைப் பக்கம்தான் திறம் எண்டு. பிந்தினதுதான் முத்தின சரக்கு. இதை நான் அப்பவே கண்டனான்."

நான் விடவில்லை. எனக்கும் கோபம் வந்திருந்தது. "அப்ப, பிந்தினதுதான் முத்தினதெண்டால், லோறன்ஸின்ர பிந்தின பாட்டையும் விடலாம்தானே?" என்று கேட்டேன்.

"அவர் இன்னும் முந்தவே இல்லை மாஸ்ரர். பிறகெப்பிடிப் பிந்துறது?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? சொல்லிப் பாருங்கள். ஜெனரேற்றரும் அவருடையது. லோறன்ஸ் கிற்றாரைத் துணிப் பைக்குள் போட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டினான். "நண்டுப் பாட்டுத்தான் வேணுமெண்டால் நண்டை மேடையில ஏத்துங்கோ ஐயா," என்று மரியாதையாகவே சொல்லிவிட்டு, கிறிஸ்தோப்பரையும் கூட்டிக்கொண்டு தளத்தைக் கடந்து றோட்டுக்கு ஏறிவிட்டான். நெல்லுக் கிளறிய பெண்கள் அவன் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கலைவிழா நடந்தது. வெளிச்சம் வெகு பிரகாசம். கொழும்புக்காரருக்குத் தலைவர் தானே முன்னின்று உபசாரம் செய்து, கிளாஸ் எலிபன்ற்ஸ் தட்டைப் போட்டுக் காட்டினார். எந்தப் பக்கத்தை? வெறும் பக்கத்தை. "உவங்களின்ர ஆரம்ப காலப் பாட்டுகளைக் கேளுங்கோ. என்ன வெகுளி. பிறகு கெட்டுப்போனாங்கள்," என்று அவர் சொன்னதை நான் என் இரு காதாலும் கேட்டேன். பிந்தினது முத்தினது என்ற சாத்திரத்துக்கு ஒத்திகைத் தளத்தைத் தாண்டி ஆயுசு இருக்கவில்லை. தட்டைத் திருப்பினாலும் கவிழ்த்தாலும், நீங்கள் கேட்காத பக்கம் எதுவோ அதுதான் அவருக்கு நல்ல பக்கம். கம்பனிக்காரர் இரண்டு நடனமும் ஒரு வில்லுப்பாட்டும் பார்த்துவிட்டு, எங்கள் பக்கத்தில் பாட்டு என்று ஒன்று இல்லை என்ற முடிவோடு அடுத்த ரயிலில் திரும்பிவிட்டார்.

லோறன்ஸ் தகப்பனிடம் போய் மாரி தொடங்கும் வரைக்கும் தவணை கேட்டான். பிறகு அவனும் கிறிஸ்தோப்பரும் கருவாட்டு லொறி ஒன்றில் ஏறிக் கொழும்புக்குப் போனதாகக் கேள்விப்பட்டோம். எந்த வாசலில் போய் நின்றார்கள், எத்தனை வாசலில் விரட்டப்பட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. எங்கோ ஒரு கதவு திறந்திருக்கிறது, அதுமட்டும் தெரியும்.

மாரி மழை நன்றாக அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் தேநீர்க் கடையில் ஒதுங்கி நின்றேன். மழைக்கு ஒதுங்கியவர்கள் கடை நிறைய. வானொலியில் அறிவிப்பாளர் ஒரு புதுப் பாட்டு என்றார், முல்லைத்தீவு என்றார், லோறன்ஸ் என்றார். கடை அடங்கிவிட்டது. அதே ஒற்றைத் தந்தி. தண்ணி நிக்குது, தண்ணி நிக்குது, கடலுக்கு ஒரு சாண். சுரம் ஏறி ஏறி, அன்றைக்குக் கை எழும்பிய அந்த இடத்துக்கு வந்தது. என்னை அறியாமலே நான் சுற்றிப் பார்த்தேன். எந்தக் கையும் எழும்பவில்லை. வானொலிப் பெட்டிக்கு முன்னால் கையை எழுப்பி என்ன பயன்? மணல் வெட்டுப்பட்டது. எல்லாத் தந்தியும் ஒன்றாகத் திறந்தன, றபான் இடித்தது, தண்ணீர் ஓடியது. அப்பப்பா, என்ன ஓட்டம். இவ்வளவும் அந்தப் பையனின் கைக்குள் இருந்திருக்கிறது, நாங்கள் சீமெந்துத் தளத்தில் வைத்து அதை மூடி அனுப்பியிருக்கிறோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பாட்டு முடிந்தது. காற்று வருகிற பக்கத்துக் கதிரையிலிருந்து ஒரு நீண்ட மூச்சு வந்தது.

"உம். உதை நான் அப்பவே கேட்டனான். என்ர தளத்திலதான் முதன்முதல் பாடினவர்."

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் மரியாதையோடு திரும்பிப் பார்த்தார்கள். அவர் பிளேன்ரீயை ஒரு மிடறு குடித்தார்.

"ஆனால் அண்டைக்குப் பாடின மாதிரி இல்லை. அண்டைக்குக் கேட்டிருக்கோணும் நீங்கள்."

அவருடைய வாழ்நாளில் அந்த வசனம் உண்மையாக வந்தது அந்த ஒரு தடவைதான். உண்மையாகவே அவர் அதை எல்லோருக்கும் முந்திக் கேட்டார். பாதி கேட்டார். மீதிப் பாதியை யாரும் கேட்காமல் பார்த்துக்கொண்டார்.

இப்படியான மனிதர் எங்கள் ஊரில் மட்டும்தான் இருக்கிறார் என்று நினைத்து நீங்கள் நிம்மதியாகச் சிரித்துக்கொண்டிருக்கலாம். உங்கள் முன்னால் யாராவது ஒரு பையனோ பெண்ணோ புதிதாக ஒன்றைத் தொடங்கும்போது உங்கள் வலது கையைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான் நான் கேட்பது. கை எழும்பாவிட்டால் கண்ணைக் கவனியுங்கள். கண் மூடாவிட்டால் மூக்கைக் கவனியுங்கள். இதோ, இந்தக் கட்டுரையின் கடைசிப் பந்தியிலேயே உங்களில் ஒருவர் மூக்கால் ஒரு மூச்சு விட்டு, "உம், இந்த ஆள் முந்தி இதைவிட நல்லா எழுதினவர்," என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஐயா, நான் எழுதிய முதற் கட்டுரை இதுதான்.